317-ஆம் எண் வந்துவிட்டது

அத்தியாயம் 14

மோகனா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். "இனிமே நீங்க சைக்கிள் ஓட்டப் போற எடத்துக்கெல்லாம் நானும் வருவேன்" என்று போன வாரம் கணவனிடம் சொன்னாள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கும் கையுமாக, மம்பாவில் உள்ள தங்கள் வீட்டு வாசலில் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

சுகுமாறனுக்கு நாற்பத்து மூன்று வயது. தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. சனிக்கிழமை மத்தியான ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து படுக்கும்போது ராத்திரி மணி பன்னிரண்டு. நாலரைக்கு எழுந்துவிட்டான். இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். இவனோ சைக்கிளைத் தூக்கிக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் உருளப் போகிறான். வேலை மெனக்கெட்டுப் பெயர் வேறு பதிந்திருக்கிறான். ஆசை யாரை விட்டது!

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஜெலுபு பக்கம் நடந்த மலைச் சைக்கிள் போட்டியில் சுகுமாறன் இறக்கத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். பின்னாலேயே வந்தவன் கூடப்பிறந்த தம்பி புனிதன். அவன் நிற்கவில்லை. கீழே கிடந்த அண்ணனைத் தாண்டிப் போய், மூன்றாவது இடம் பிடித்து, பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். அன்றிலிருந்து மோகனா கொழுந்தனோடு பேசுவதில்லை. ராசாவில் இருக்கும் அவன் வீட்டு வாசலை மிதிப்பதும் இல்லை.

கார் கோலப்பிலா ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"தூங்குனீங்களா இல்லயா?"

"தூங்குனேன்லா."

"நாலு மணி நேரம் ஒரு தூக்கமா? கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி இருக்கு."

"ஒரு மேடு ஏறி எறங்குனா எல்லாம் தெளிஞ்சிரும்."

"அவன் வர்றானா?"

"எவன்?"

"ஒங்க தம்பிதான். வேற எவன்?"

"ஐந்நூறு பேரு வர்றாங்க மோகனா. யாரு கண்டா?"

அவனுக்குத் தெரியும். பெயர்ப் பட்டியலை நான்கு முறை பார்த்திருந்தான். ஆனால் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் சுகுமாறனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

* * *

தோட்டத்துத் திடலில் கூடாரம் போட்டு, பாட்டு வைத்து, கல்யாண வீடு மாதிரி இருந்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் ஆளுக்கு ஒன்று. பசியாறிக்கொண்டே எல்லோரும் டயரில் காற்றைப் பார்த்தார்கள்.

இந்தச் சைக்கிள் ஜம்போரி என்பது பாதிதான் போட்டி. பதக்கத்துக்காக உயிரை விடுகிற நூறு பேர் ஏழரை மணிக்கே கிளம்பி நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவார்கள். மிச்சம் நானூறு பேர் பிற்பாடு கிளம்பி, ஊர்க்கதை பேசிக்கொண்டு, தண்ணீர் நிலையத்தில் தர்பூசணி தின்றுகொண்டு, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டி வருவார்கள். அவர்களுக்கு முக்கியம் கடைசியில் நடக்கும் அதிர்ஷ்டக் குலுக்கல். முதல் பரிசு மோட்டார் சைக்கிள்.

ஆளுக்கு ஓர் எண் அட்டை கொடுப்பார்கள். சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொள்ள வேண்டும். அட்டையின் அடியில் அதே எண் போட்ட துண்டுச் சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டி முடித்தவர்கள் அதைக் கிழித்து நீல டிரம்முக்குள் போடுவார்கள். பக்கத்தில் பட்டியலோடு இருப்பவர் அந்த எண்ணுக்கு நேரே ஒரு டிக் போடுவார். எல்லா எண்ணுக்கும் டிக் விழுந்துவிட்டால் எல்லோரும் காட்டை விட்டு வந்தாயிற்று என்று அர்த்தம். பதினொன்றரைக்கு டிரம்மை மூடிவிடுவார்கள். பிந்தி வருகிறவர்களுக்கு டிக் மட்டும்தான், குலுக்கல் கிடையாது.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஆட்கள் களைத்துப்போனால் என்ன செய்வார்கள்? மோட்டார் சைக்கிள் பரிசை விட மனசு வராது. சீட்டை மட்டும் கிழித்து, வேகமாகப் போகிற கூட்டாளி கையில் கொடுத்து, "போட்டுருலா" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லா ஜம்போரியிலும் இது நடக்கிறது. யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சுகுமாறனின் எண் 317. தோள் முறிந்த பிறகு வரும் முதல் ஓட்டம் என்பதால் இருபத்தைந்து கிலோமீட்டர்க் கூட்டத்தில்தான் சேர்ந்திருந்தான். கைப்பேசியை மனைவியிடம் கொடுத்தான். "விழுந்தா ஒடஞ்சிரும்" என்றான்.

"எது, போனா? நீங்களா?" என்றாள் மோகனா.

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

* * *

முதல் எட்டுக் கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓட்டினான். முந்தைய நாள் மழையில் செம்மண் ஊறி, டயரில் அப்பிக்கொண்டு, சைக்கிள் இரண்டு மடங்கு கனத்தது. முறிந்து கூடிய எலும்பு ஒவ்வொரு குழிக்கும் ஒரு குத்து குத்தியது. இருந்தாலும், மேட்டின் உச்சிக்கு ஏறி, இரண்டு பிரேக்கிலும் ஒவ்வொரு விரலை மட்டும் வைத்து, உடம்பை இருக்கைக்குப் பின்னால் தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே கீழே விடும்போது ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோகும். மெஷினும் ஓவர்டைமும் சூப்பர்வைசரும் ஞாபகத்தில் இருக்க மாட்டார்கள். முன் சக்கரம், அடுத்த வேர், அதற்கடுத்த கல். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மனுஷன் இத்தனை பாடுபடுகிறான். எனக்குப் புரியவில்லைதான். அவனுக்குப் புரிந்தால் சரி.

பதினைந்தாவது கிலோமீட்டரில் உடம்பு கையை விரித்துவிட்டது. நாலு மணி நேரத் தூக்கம் அவ்வளவுதான் தாங்கும். அடுத்த மூன்று மேட்டிலும் இறங்கித் தள்ளினான். இரண்டாவது தண்ணீர் நிலையத்துக்கு வந்தபோது வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போயிற்று. மரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். மணி பதினொன்று ஐந்து.

நாற்பது கிலோமீட்டர்ப் பாதையும் இருபத்தைந்து கிலோமீட்டர்ப் பாதையும் அந்த இடத்தில்தான் ஒன்று சேர்கின்றன. தலையைத் தூக்கிப் பார்த்தால், எதிரே தம்பி நிற்கிறான்.

புனிதன் ஏழு வயது இளையவன். முகமெல்லாம் சேறு. கையில் தண்ணீர்ப் புட்டி. நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றான்.

"அண்ணே. கால் புடிச்சிகிச்சா?"

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.

"ம்."

"உப்பு மாத்திர இருக்கு. இந்தாங்க."

சுகுமாறன் வாங்கிப் போட்டுக்கொண்டான். தம்பி முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கைப்பிடியிலிருந்த அட்டையின் சீட்டைக் கிழித்து நீட்டினான்.

"பதினொன்னரைக்குள்ள நான் போய்ச் சேர மாட்டேன். இத டிரம்முல போட்டுரு."

"நானும் கூடவே வர்றேன்."

"வேணாம்லா. ஒன் கூட ஓட்டுறவனுங்க முன்னால போறானுங்க. இங்கேருந்து தோட்டத்து ரோட்டுல போனா மூணு கிலோமீட்டர்தான். மெதுவா உருட்டிக்கிட்டு வந்துர்றேன்."

"அண்ணே, போன தடவயும்..."

"போன்னு சொல்றேன்ல. போடா!"

புனிதன் சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். வளைவில் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

சுகுமாறன் சொன்னபடி ரோட்டில்தான் போனான். பத்து நிமிஷம் தள்ளினான். கால் இளகியதும் ஏறி மிதித்தான். அதோடு போயிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இல்லை. இடது பக்கம் ஒரு பாதை பிரிந்தது. செம்பனைக் குலை வெட்டுகிற ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. நேரே கீழே இறங்கி, ஆற்றோரம் போய், திடலுக்குப் பின்பக்கம் ஏறும் போலிருந்தது. வளைந்து வளைந்து போன அந்த இறக்கத்தை அவன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தான். ரோட்டையும் பார்த்தான். ரோடு சப்பென்று கிடந்தது.

பிரேக்கை விட்டான்.

மூன்று வளைவு நன்றாகத்தான் வந்தது. நான்காவது வளைவில் காய்ந்த மட்டைகளைக் குவித்திருந்தார்கள். மட்டைக்குக் கீழே தண்ணீர் வடிவதற்காக வெட்டிய ஆழமான கான் ஒன்று ஓடுவது மேலிருந்து தெரியவில்லை. முன் சக்கரம் உள்ளே போயிற்று. சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். விழும்போது தோளைக் காப்பாற்றிக்கொண்டான். கணுக்கால் மடங்கிக்கொண்டது.

கூப்பிட்டுப் பார்த்தான். போட்டிப் பாதையில் கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் எங்கோ தூரத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போயிற்று. அது எப்படி இந்தப் பக்கம் வரும்?

* * *

பன்னிரண்டே கால் வரைக்கும் மோகனா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு பழக்கதோஷத்தில் கணவனுக்கு போன் போட்டாள். அவள் கைப்பையே அடித்தது. தன் தலையில் தானே அடித்துக்கொண்டு எழுந்து டிரம் பக்கம் போனாள்.

பட்டியல் வைத்திருந்தவர் தர்மராஜ், பகாவ் சைக்கிள் குழுச் செயலாளர். விடியற்காலை மூன்று மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற மனுஷன். குரல் கம்மிப் போயிருந்தது.

"முந்நூத்திப் பதினேழா? வந்தாச்சும்மா. இந்தா பாருங்க, டிக் இருக்கு."

"ஆளக் காணோமே சார்."

"கார்ல ஏர்கான் போட்டுத் தூங்கிக்கிட்டு இருப்பாரு. போய்ப் பாருங்க."

கார்ச் சாவி அவள் கையில்தான் இருந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்தாள். கழிப்பறை வரிசையைப் பார்த்தாள். சாப்பாட்டு வரிசையைப் பார்த்தாள். சைக்கிள் கழுவுகிற இடத்தில் சேற்று முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடியும் தர்மராஜிடம் வந்தாள்.

"இல்ல சார்."

"ஏம்மா, டிக் இருக்குல்ல? எல்லாரும் வந்துட்டாங்க. பின்னால போன மோட்டாரும் வந்துருச்சி. ஒருத்தரும் பாக்கி இல்ல."

மோகனா ராசாவில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். பதினாறு வருஷம். காலையில் பெயரைப் பதிந்துவிட்டு, எதிர்க்கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போய்விடுகிற ஆட்களை அவளுக்குத் தெரியும். ஏட்டில் பெயர் இருக்கும், நாற்காலியில் ஆள் இருக்காது. டாக்டரிடம் திட்டு வாங்குவது யார்? அவள்தான். அவளிடம் போய் டிக்கைக் காட்டினால் நம்புவாளா?

"சார், நான் டிக்கக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக முடியாது. எனக்கு ஆளு வேணும்" என்றாள்.

தர்மராஜ் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். மைக்கை வாங்கினார். "எண் முந்நூத்திப் பதினேழு, மம்பாவ் சுகுமாறன். எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க. ஒங்க சம்சாரம் தேடுறாங்க."

மேடைக்குப் பக்கத்தில் பதக்கம் வாங்குகிற வரிசையில் புனிதன் நின்றிருந்தான். ஐந்தாவது இடம். அண்ணன் வந்து சேர்ந்து அண்ணியோடு உட்கார்ந்திருப்பான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். அண்ணி முகத்தில் விழிக்கப் பயந்து அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தான். மைக்கில் பெயரைக் கேட்டதும் அண்ணி நின்ற பக்கம் திரும்பினான்.

இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? ஏற்கெனவே இருக்கிற பெயர் போதாதா? இருந்தும் வரிசையை விட்டு வந்தான்.

"அண்ணி."

மோகனா திரும்பினாள். யாரென்று பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணி, அந்தச் சீட்ட நான்தான் போட்டேன். அண்ணன் கொடுத்து வுட்டாரு. ரெண்டாவது தண்ணி ஸ்டேஷன்ல. காலு புடிச்சிக்கிச்சி. ரோட்டோட வர்றேன்னாரு."

தர்மராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தன மணிக்கி?" என்றாள் மோகனா.

"பதினொன்னு, பதினொன்னே காலு இருக்கும்."

அப்போது மணி ஒன்று.

"மறுபடியும் வுட்டுட்டு வந்துட்டியா?" அவள் கத்தவில்லை. கத்தக்கூடத் தெம்பு இல்லாதவள் போலக் கேட்டாள். "ஒரு தடவ பத்தலயா புனிதா ஒனக்கு?"



* * *

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வீரமுத்து ஃபோர்-வீல் வண்டியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் விடுகிறார்களா பார் என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"ரோட்டுல ஒருத்தரும் வரலம்மா. நான் கேட்டுலதான் உக்காந்திருக்கேன். கோழி போனாகூட பாத்துருப்பேன்."

மோகனா முன்னால், புனிதன் பின்னால். தண்ணீர் நிலையம் வரைக்கும் போய் வந்தார்கள். ரோட்டில் ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. மோகனா கண்ணுக்கு எட்டுகிற கானில் எல்லாம் எட்டிப் பார்த்தாள். செம்பனைக் காட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிரை. அவளுக்குத் தலை சுற்றியது.

"நிறுத்துங்க அண்ணே" என்றான் புனிதன்.

குதித்து இறங்கிப் பாதை பிரிகிற இடத்தில் குனிந்தான். ஈர மண்ணில் டயர்த் தடம் ஒன்று நின்று, பிறகு கீழே இறங்கியிருந்தது.

"இங்க எறங்கியிருக்காரு அண்ணி."

"ரோட்டுல வர்றேன்னு சொன்னாருன்னு சொன்ன?"

"சொன்னாரு."

"அப்பறம் எதுக்கு இங்க எறங்கணும்?"

"எறக்கம் இருக்கு அண்ணி" என்றான் புனிதன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

நான்காவது வளைவில் சைக்கிள் சக்கரம் மட்டைக்கு மேலே தெரிந்தது. கானுக்குள் சுகுமாறன் மரத்து வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது. கட்டெறும்பு கடித்துக் கையெல்லாம் தடிப்பு. தூங்கிக்கொண்டிருந்தானா மயங்கியிருந்தானா என்று தெரியவில்லை. கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தான்.

"தண்ணி" என்றான்.

மோகனா சேற்றில் வழுக்கிக்கொண்டே இறங்கினாள். தண்ணீரைக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் நல்ல தோளில் படார் படார் என்று அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள்.

"நான் என்ன பாவம் பண்ணுனேன்? சொல்லுங்க. ஞாயித்துக்கெழமையானா ஒங்கள எந்தப் பள்ளத்துலேருந்து பொறுக்கணும்னு தேடிக்கிட்டு இருக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

"மோகனா..."

"பேசாதீங்க."

புனிதன் அதற்குள் காய்ந்த மட்டையிலிருந்து இரண்டு தண்டை ஒடித்து, கணுக்காலின் இரண்டு பக்கமும் வைத்து, வண்டியில் கிடந்த பழைய டியூபால் சுற்றிக் கட்ட ஆரம்பித்திருந்தான். மோகனாவின் பார்வை அவன் மேல் திரும்பியது.

"நல்லா கட்டு. கட்டிட்டு, நல்லா பாத்துக்க. கூடப்பொறந்தவன ரெண்டு தடவ காட்டுல போட்டுட்டு மெடலு வாங்கப் போன ஆளு இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துலயே நீ ஒருத்தன்தான்."

புனிதன் குனிந்த தலை நிமிரவில்லை. முடிச்சை இறுக்கினான். வலிக்கிறதா என்று அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான்.

சுகுமாறன் இரண்டரை மணி நேரம் அந்தக் கானுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவன். யோசிக்க வேறு வேலை இருக்கவில்லை. தம்பி அப்படிப் பார்த்ததும் அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"போதும் மோகனா. நான்தான் போகச் சொன்னேன்."

"இன்னிக்கிச் சொன்னீங்க. சரி. அன்னிக்கி?"

"அன்னிக்கும்."

மோகனாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்கி அவன் நின்னான். சைக்கிளத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்தான். ஒன்னும் இல்லடா, சும்மா சறுக்கிருச்சி, மூணாவது எடம் கெடைக்கும், நீ போன்னு நான்தான் வெரட்டி வுட்டேன். அவன் போனதும் மறுபடி ஏறி ஓட்டலாம்னு பாத்தேன். கைய தூக்க முடியல."

மண்டோர் வீரமுத்து மெதுவாகத் திரும்பிக்கொண்டு, பக்கத்து மரத்துக் குலை பழுத்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

"ஏன் சொல்லல?" என்றாள் மோகனா.

"ஆஸ்பத்திரியில நீ அழுதுகிட்டே, தம்பி நிக்கலயான்னு கேட்ட. வலி. வாய தொறக்க முடியல. மறுநாள் பாத்தா நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்ட."

"அதுக்கப்பறம்? எட்டு மாசம் இருந்துச்சே."

சுகுமாறன் சேறு படிந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒடஞ்ச தோளோட மறுபடியும் ஏறப் பாத்தேன்னு தெரிஞ்சா சைக்கிள வித்துருப்ப. ஒனக்கு அவன் மேல கோவம் வந்துச்சி. சைக்கிள் மேல வரல. நான் அப்படியே வுட்டுட்டேன்."

கட்டி முடித்த புனிதன் எழுந்து, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, "தூக்கலாமா அண்ணே?" என்று வீரமுத்துவைக் கேட்டான்.

இரண்டு பேரும் தூக்கி வண்டியின் பின்னால் கிடத்தினார்கள். வண்டி கிளம்புகிற நேரத்தில் சுகுமாறன் தலையைத் தூக்கினான்.

"சைக்கிள ஏத்திட்டீங்களா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்குப் புரிந்தது. மோகனா முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை.

* * *

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் ஒரு கோடியில் மோகனா, மறு கோடியில் புனிதன். நடுவில் மூன்று பேர் உட்காரலாம்.

மோகனா தன் புடவைத் தலைப்பில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கணவன் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அது எங்கோ தூரத்தில் இருந்தது. பிறகு வரட்டும், அதற்கு ஆயுசு இருக்கிறது. இப்போது அவளை அரித்தது வேறு. இந்த எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

ஐந்து மாதத்துக்கு முன்னால் புனிதனின் மனைவி ஷாமினி மம்பாவ் வீட்டுக்கு வந்தாள். ஏழு மாத வயிற்றோடு, வெயிலில், பஸ்ஸில். தட்டில் வெற்றிலை பாக்கு. "அக்கா, வளைகாப்பு வச்சிருக்கோம். மொத வளையல் நீங்கதான் போடணும்" என்றாள். மோகனா கதவின் இரும்புக் கம்பியைக்கூடத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒன் புருஷன்கிட்ட மெடலு இருக்குல்ல? அத எடுத்துக் கையில மாட்டிக்க" என்றாள்.

ஷாமினி தட்டோடு திரும்பிப் போனாள். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. ஆணா பெண்ணா என்பதே மோகனாவுக்கு மூன்றாவது மனிதர் சொல்லித்தான் தெரியும்.

"நீ ஏன் புனிதா வாய தொறக்கல?"

"அண்ணனே சொல்லுவாருன்னு இருந்தேன் அண்ணி." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கட்டு பிரிச்சதும் சொல்லுவாருன்னு பாத்தேன். வளைகாப்புக்கு முன்னால சொல்லுவாருன்னு பாத்தேன். புள்ள பொறந்ததும் கண்டிப்பா வந்து சொல்லுவாருன்னு நெனச்சேன். அப்பறம் பழகிப் போச்சி."

"நீ சொல்லியிருந்தா?"

"நம்பியிருப்பீங்களா?"

மோகனா மறுபடியும் தலைப்புச் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஷாமினிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"மொத நாள்லேருந்தே தெரியும் அண்ணி."

மோகனா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் அந்தப் பெண். தெரிந்துதான் கம்பிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மோகனாவின் வாய் அன்றைக்கே அடைத்திருக்கும். சொல்லவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, எலும்பு முறிவுதான், கட்டுப் போட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். புனிதன் எழுந்து, "சூடா தே ஓ வாங்கிட்டு வரவா அண்ணி? காலைலேருந்து நீங்க ஒன்னும் சாப்பிடல" என்றான்.

அவன் காண்டீன் பக்கம் போனதும் மோகனா கைப்பையைத் திறந்தாள். தன் கைப்பேசியை எடுத்து, ஷாமினியின் பெயரைத் தேடி, விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்வது? மன்னிச்சிரு என்றா? மூன்று மாதக் குழந்தையின் தாயிடம், இவ்வளவு நாள் கழித்து, போனில் சொல்கிற வார்த்தையா அது? வேறு வார்த்தையும் அவளிடம் இல்லை. அழுத்தினாள்.

நான்கு முறை அடித்தது. ஐந்தாவது முறை ஷாமினி எடுத்தாள்.

"ஹலோ, யாரு பேசுறது?"

ஷாமினி அவள் எண்ணை அழித்திருந்தாள்.

"நான்தான்... மோகனா" என்றாள்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. ஷாமினி போனை வைக்கவில்லை. மோகனா கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.